தொமாசியுஸ் முதல் வோல்ஃப் வரை: எதைப் படிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில் ஸ்கொலாஸ்டிக் மரபு (அரிஸ்டாட்டிலை ஒட்டிய இடைக்காலப் பல்கலைக்கழகத் தத்துவம்) எப்படி, பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளிக் காலத்துக்கு வழிவிட்டது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். 1687-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில், லத்தீனை விட்டுவிட்டு ஜெர்மன் மொழியிலேயே பாடம் நடத்தப்போவதாக தத்துவவாதி கிறிஸ்டியான் தொமாசியுஸ் அறிவிப்பு ஒட்டினார். என்ன துணிச்சல்! 1690-இல் அவர் பாடம் நடத்தத் தடை வந்ததும் ஹாலே நகரத்துக்குப் போய்விட்டார்.

எனக்குக் குழப்பம் அவருக்குப் பின் வந்த தத்துவவாதி கிறிஸ்டியான் வோல்ஃபிடம்தான். 1723-இல், 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு என்று ஹாலேயிலிருந்து துரத்தப்பட்ட பகுத்தறிவாளர் அவர். அப்புறம் 1730-இல் வந்த அவருடைய ஒன்டாலஜி (இருப்பு பற்றிய தத்துவம்) நூலில் பழைய ஸ்கொலாஸ்டிக் கருத்துகள் மறுபடி தலைகாட்டுகின்றன. அப்படியானால் நடந்தது முறிவா, தொடர்ச்சியா? இதை அலசும் நூலோ கட்டுரையோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி. ஜெர்மன் எனக்கு வராது.