புதுப்பிப்பு: அப்பாவின் இரத்த அழுத்தமும் அக்குபங்சரும்

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அப்பாவுக்கு அக்குபங்சர் (மெல்லிய ஊசிகள் குத்தும் சீன மருத்துவம்) தொடங்கினால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை. நரம்பியல் மருத்துவர் உறுதியாக மறுத்துவிட்டார். நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் உயர் இரத்த அழுத்தம் உள்ள 192 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ‘ஷார்ப்’ ஆய்வில், உண்மையான அக்குபங்சருக்கும் ஒப்பீட்டுக்காகச் செய்த போலியானதற்கும் அழுத்தம் குறைவதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் 2001இல் வந்த ‘புரோகிரஸ்’ ஆய்வில், பெரிண்டோபிரில் என்ற இரத்த அழுத்த மருந்து சார்ந்த மாத்திரைச் சிகிச்சை மீண்டும் பக்கவாதம் வருவதை 28 சதவீதம் குறைத்தது. இனி ஒரு வேளை மாத்திரையைக்கூட விட எனக்கு மனம் வராது.

அக்குபங்சர் வாரம் இருமுறை தொடர்கிறது. தோள்வலி குறைந்து அப்பா நன்றாகத் தூங்குகிறார். அதுவே எனக்குப் பெரிது. இரத்தம் உறையாமலிருக்க அவர் மருந்து சாப்பிடுவதைச் சிகிச்சையாளரிடம் முதல்நாளே சொல்லிவிட்டோம். இன்று காலை அழுத்தம் 134/82.