வாடகை பாக்கியில் தவிப்பவருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

படிப்பகப் பொறுப்பாளர்

எங்க ஊர்ப் படிப்பகத்துல புதுசா ஒரு அடுக்கு வைக்கப் போறோம். கையில 2,000 ரூபாய் இருக்கு. வேலை போனவங்க, வட்டிக்கு வாங்கித் திணறுறவங்க, மூணு மாச வாடகை நிக்குதேன்னு தூக்கம் கெட்டவங்க, இவங்கதான் அதிகமா ஆன்மிகப் புத்தகமும் தன்னம்பிக்கைப் புத்தகமும் கேட்டு வர்றாங்க. கடையில நல்லா விக்கிற தலைப்புகளை வாங்கிப் போட்டா போதுமா? எதை வாங்கணும், எதை விட்டுடணும், யாருக்கு எதை முதல்ல கொடுக்கணும்?

நூலடுக்கு

விற்பனையைப் பார்த்து வாங்காதீங்க. பணமுடையில் இருக்கிறவருக்குப் படிக்கிற தெம்பே குறைஞ்சிருக்கும். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாதபோது அவங்க எழுதின அறிவுத் தேர்வைவிட, அறுவடைப் பணம் வந்த பிறகு அதே ஆட்கள் தெளிவா எழுதினாங்க. ஆள் மாறல, நெருக்கடிதான் மாறுச்சு. அவர் கையில 350 பக்கப் புத்தகத்தைக் கொடுத்தா நாற்பதாம் பக்கத்துல நின்னுடும். ‘இதைக்கூட முடிக்க முடியலையே’ன்னு இன்னொரு பாரம் ஏறும்.

அதனால 100 பக்கத்துக்குள்ள, பெரிய எழுத்தில், பத்து நிமிஷத்துல ஒரு பகுதி முடியுற மாதிரி இருக்கணும். எங்கே திறந்தாலும் அங்கிருந்து படிக்க வரணும்.

கடையிலேயே நடுவுல மூணு இடம் திறந்து பாருங்க. அதுல உதாரணமா வர்ற ஆளுக்கு வாடகை, பிள்ளைக்கு ஃபீஸ், அம்மாவுக்கு மாத்திரைன்னு ஏதாவது இருக்கா? காசு செலவில்லாம இன்னைக்கு ராத்திரியே செய்யக்கூடிய வேலை ஒண்ணாவது சொல்லுதா? கடைசிப் பக்கத்துல பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டச் சொல்லுதா? சொன்னா அங்கேயே வச்சிடுங்க.

முக்கியமா, ‘உன் எண்ணம்தான் உன் வறுமைக்குக் காரணம்’னு போற புத்தகங்கள் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே நாலு இடத்துல வேலை கிடைக்காதவர், நம் நம்பிக்கைதான் போதலைன்னு தன்னையே நொந்துக்குவார். கடன்காரர்கிட்ட தவணை கேட்கிறது, ரேஷன் கார்டுல பெயர் சேர்க்கிறது மாதிரி உடனே பலன் தர்ற வேலையெல்லாம் தள்ளிப் போகும்.

நிறைய தலைப்பு வாங்குறதைவிட நாலு தலைப்பு, ஒவ்வொண்ணுலயும் மூணு பிரதி நல்லது. கஷ்டத்துல இருக்கிறவங்க தாமதமாத்தான் திருப்பித் தருவாங்க. அபராதம் போடாதீங்க. போட்டா வர்றதையே நிறுத்திடுவாங்க.

குறள் வாசகி

ஆன்மிகப் பக்கம் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: பசியை அந்த நூல் எப்படிப் பார்க்கிறது? 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியவர் வள்ளலார். அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ சிறிய நூல்தான், பசி தீர்ப்பதையே வழிபாடாக வைக்கிறது. மொழி கொஞ்சம் பழையது, எளிய உரையோடு வாங்குங்கள். கீதையிலும் ஆறாம் அத்தியாயம் 16, 17 சுலோகங்கள் அளவான உணவும் உறக்கமும் இல்லாதவனுக்கு யோகம் கைகூடாது என்கின்றன. விவேகானந்தர் 1893 சிகாகோ மாநாட்டிலேயே, பட்டினி கிடப்பவர்களுக்கு மதத்தை நீட்டுவது அவர்களை அவமதிப்பது என்று பேசினார். உண்ணாமல் கிட, உறங்காமல் ஜபி என்று தொடங்கும் புத்தகத்தை இந்த அடுக்கில் வைக்க வேண்டாம்.

திருக்குறளுக்கு மு.வ. தெளிவுரை, கையடக்கப் பதிப்பு போதும். ஆனால் முதல் அதிகாரத்திலிருந்து படிக்கச் சொல்லாதீர்கள். 63-ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’ (துன்பத்தில் கலங்காமை), பிறகு 62 ‘ஆள்வினை உடைமை’ (விடாமுயற்சி), அதன் பின் 48 ‘வலியறிதல்’ (வலிமையை அறிதல்), இந்த மூன்றுக்கும் ஒரு தாளைச் செருகிக் கொடுங்கள். 478-ஆம் குறளை மட்டும் தனியே எழுதி ஒட்டலாம்:

ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை
போகாறு அகலாக் கடை.

வருமானம் சிறுத்தாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்கிறது. சம்பளம் குறைந்தவரைக் குற்றம் சொல்லாமல், கை வைக்கக்கூடிய இடத்தைக் காட்டுகிறது.

105 ‘நல்குரவு’ அதிகாரத்தைக் கொடுப்பதில் கவனம் தேவை. நெருப்புக்குள்கூடத் தூங்கலாம், வறுமையில் கண்மூட முடியாது என்னும் 1049-ஐப் படித்து, ‘என் நிலையை ஒருவர் புரிந்துகொண்டாரே’ என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. அடுத்த குறளோ மிகக் கடுமை, இல்லாதவன் முற்றும் துறக்காமல் இருப்பது பிறர் வீட்டு உப்புக்கும் கஞ்சிக்கும் எமன் என்கிறது. மனம் உடைந்தவர் அதைத் தனியே படிக்கக் கூடாது. கூட உட்கார்ந்து பேச ஆள் இருந்தால் மட்டும் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை

பணப் புத்தகங்களைப் பத்திச் சொல்றேன். ‘முதல்ல 10% சேமி’ங்கிறது நல்ல விதிதான், ஆனா கந்துவட்டி ஓடும்போது அது பொருந்தாது. 20,000 ரூபாய்க்கு மாசம் பத்து வட்டின்னா மாசம் 2,000, வருஷத்துக்கு 24,000. அசல் அப்படியே நிக்கும். 15,000 சம்பளக்காரர் மாசம் 1,500 சேமிப்புல போட்டுட்டு இந்த வட்டியையும் கட்டினா சேமிப்பு கைக்கு எட்டாது. அந்த 1,500 அசலுக்குப் போகணும். வீட்டுல நகை இருந்தா வங்கியில் வச்சு இந்தக் கடனை அடைக்கிறதே லாபம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாத சேமிப்புப் புத்தகத்தை வாங்காதீங்க.

ஒவ்வொரு புத்தகத்தோட உள்ளட்டையிலும் ஒரு தாள் ஒட்டுங்க: கந்துவட்டிக்கு எதிரா 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. வங்கிக் கடன் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாடியும் மாலை 7 மணிக்குப் பின்னாடியும் போன் பண்ணக் கூடாதுங்கிறது ரிசர்வ் வங்கி விதி. இலவச சட்ட உதவிக்கு 15100. பலருக்கு இந்தத் தாளே புத்தகத்தைவிட அவசரம்.

படிப்பகப் பொறுப்பாளர்

ரொம்ப நன்றிங்க. இன்னொண்ணு. சிலர் இதெல்லாம் வேண்டாம், சாமி பாட்டுப் புத்தகம் இருக்கான்னு கேட்கிறாங்க. அவங்களுக்கு என்ன சொல்றது? ‘வாழவே பிடிக்கல’ன்னு சொல்றவங்களும் உண்டு.

நூலடுக்கு

சாமி பாட்டு கேட்கிறவருக்குக் கந்த சஷ்டி கவசத்தையே கொடுங்க. கோயில் கடையில கிடைக்கிற சின்னப் புத்தகம், நிதானமாச் சொன்னாலும் அரை மணிக்குள்ள முடியும். தினமும் ஒரே நேரத்துல உட்கார்றதே குலைஞ்சு போன நாளுக்கு ஒரு பிடி கொடுக்கும். அதை மாத்தி நம்ம புத்தகத்தைத் திணிக்க வேண்டாம்.

ஆங்கிலம் வாசிக்கிறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடு இருக்கு. படங்களோட, இலவசமா இணையத்துல கிடைக்கும், பயிற்சிகளுக்கு ஒலிப்பதிவும் உண்டு. நெருக்கடியில வாழ்றவங்களுக்குன்னே எழுதினது. அச்செடுத்து ஸ்பைரல் போட்டு வச்சிடுங்க.

வாழப் பிடிக்கலைன்னு சொன்னா புத்தகம் தேடாதீங்க. அவரைத் தனியா அனுப்பாம, உங்க போன்லயே 14416-க்கு அடிச்சுக் கொடுங்க. அது டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். 104-லயும் ஆலோசனை உண்டு. பேசி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருங்க, சாப்பிட்டாரான்னு கேளுங்க.