செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி, மொட்டு உதிர்கிறது: மருந்து அடிக்கலாமா?

மாடித்தோட்டக்காரன், மதுரை:
ஐந்து இதழ்ச் சிவப்புச் செம்பருத்தி, தொட்டியில் மூன்றாவது வருடம். அம்மா தலைக்குத் தேய்க்க இலை பறிப்பது இதில்தான். இரண்டு வாரமாகக் கொழுந்து சுருண்டு, பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. மொட்டு விரியாமலே விழுகிறது. கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், அடிக்கலாமா? அம்மா இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். பூவைத் தேநீராகக் குடிக்கலாமா?

நாஞ்சில் அக்கா:
தம்பி, அந்த மருந்தைத் தொடாதீர்கள். தலையில் தேய்க்கும் இலை அது! பஞ்சுபோல் இருப்பது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பே அதைக் காவல் காக்கும், கிளைக்குக் கிளை சுமந்தும் போகும். சுருண்ட நுனிகளை ஒரு சாண் அளவு வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். அதுவரை அம்மா இலை பறிக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் இதைச் செம்பரத்தை என்போம். என் தலைக்கு இன்றும் இதுதான். பத்து இலையைத் தண்ணீரில் கசக்கினால் வெண்டைக்காய்போல் வழுவழுவென்று கொழகொழப்பு இறங்கும். துணியில் வடிகட்டித் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். முடி மிருதுவாகும். வழுக்கையில் முடி முளைக்கும் என்று மட்டும் யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

விவசாயப் பட்டதாரி, கோவை:
அக்கா சொன்னது சரி. 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது செம்பருத்தியும் தப்பவில்லை. அதை அடக்கியது 2010-இல் கொண்டுவந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். கடும் மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும்.

தேநீர் விஷயம்: இரத்த அழுத்தத்துக்கு என்று ஆராயப்பட்டது பெரும்பாலும் வேறு செடி, புளிச்சைக்கு உறவான ரோசெல், அதன் பூவடியில் இருக்கும் சிவந்த புல்லிவட்டத்தைத்தான் காய வைத்து விற்கிறார்கள். அது அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். கருவுற்றவர்கள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது.

மாடித்தோட்டக்காரன், மதுரை:
அக்கா, எறும்பு வரிசையாக ஏறுகிறது! இன்று மாலையே வெட்டிவிடுகிறேன். செடி போய்விட்டால்?

நாஞ்சில் அக்கா:
போகாது. இப்போதே பூச்சி ஏறாத கிளையில் பென்சில் கனத்தில் ஒரு சாண் குச்சி நாலைந்து வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றி வையுங்கள். ஒன்றரை மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும்.