தனியாக இருக்கும் அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் என்ன வைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. அப்பா போன பிறகு ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். போன வாரம் நள்ளிரவில் யாரோ கொல்லைக்கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அம்மா விளக்கைப் போட்டுக் கத்தியதும் ஓடிவிட்டார்களாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

2019 ஆகஸ்டில் கடையம் பக்கம் அரிவாளோடு வந்த இருவரை ஒரு வயதான தம்பதி பிளாஸ்டிக் நாற்காலியையும் செருப்பையும் வீசி விரட்டினார்களே, அந்த வீடியோ நினைவிருக்கிறதா? நாற்காலி நல்ல யோசனைதான், ஆளைத் தள்ளியே நிறுத்தும். ஆனால் அங்கே விரட்ட கணவன், மனைவி என இரண்டு பேர் இருந்தார்கள், அம்மா தனி ஆள்.

அம்மா தலையணைக்கடியில் அரிவாள்மனை வைக்கிறேன் என்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. மணிக்கட்டில் வலு இல்லை, பிடுங்கினால் அவருக்கே ஆபத்து. மிளகாய்த்தூளும் அப்படித்தான், மின்விசிறி ஓடும் அறையில் நம் கண்ணிலேயே விழும். இப்போதைக்கு நீளக்கம்புக் குடை, பெரிய டார்ச், தட்டிச் சத்தம் போட ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும் வைத்திருக்கிறேன். 112 (அவசர உதவி), 181 (பெண்கள் உதவி) இரண்டையும் போனில் பதிந்து கொடுத்துவிட்டேன்.

வயதானவர்களுக்குக் குடையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒட்டடைக்கம்பு இதைவிட நல்லதா? அப்புறம், வக்கீல்கள் இருந்தால் ஒரு சந்தேகம்: தற்காப்புக்காக அடித்தாலும் தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 37ஆவது பிரிவு. இருட்டில், பயத்தில் அடித்துவிட்டால் அதை எப்படி அளப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் வாங்கிக்கொண்டு போவேன்.