சப்மாட்யூலுக்கு ‘உட்களஞ்சியம்’ பொருந்துமா?

வணக்கம்.

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சைத் தொடர்கிறேன். நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ரெப்போசிட்டரிக்குக் களஞ்சியம் என்பது நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். மோனோரெப்போவுக்கு ‘ஒற்றைக் களஞ்சியம்’, ஒரு களஞ்சியத்தில் இன்னொன்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் சப்மாட்யூலுக்கு ‘உட்களஞ்சியம்’ என்று வந்த இரண்டு பரிந்துரைகளில்தான் எனக்குத் தயக்கம்.

என் மடிக்கணினியில் இருக்கும் சின்ன நிரலும் ஒற்றைக் களஞ்சியம்தானே? மோனோரெப்போ என்றால் பல திட்டங்கள் ஒரே களஞ்சியத்தில் சேர்ந்து வாழ்வது. கூகுள் தன் களஞ்சியத்தைப் பற்றி 2016இல் எழுதியபோது அதில் சுமார் 100 கோடி கோப்புகள். கூட்டுக்குடும்பம் நமக்குத் தெரிந்த சொல், ஆகவே ‘கூட்டுக்களஞ்சியம்’ என்றால் கேட்டவுடன் புரியும். அதே கூகுளின் ஆண்ட்ராய்டு நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களாகப் பிரிந்திருக்கிறது. எது எந்தக் கோப்புறைக்கு வர வேண்டும் என்பதை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு சொல்லும். இதற்குத் ‘தனித்தனிக் களஞ்சியங்கள்’ போதும்.

அடுத்து உட்களஞ்சியம். எங்கள் குழுவில் சர்வர், மொபைல் செயலி, இரண்டுக்கும் பொதுவான நிரல் நூலகம் என மூன்று களஞ்சியங்கள். விளக்கக் குறிப்பில், சப்மாட்யூலாக இருக்கும் நூலகத்தை ‘உட்களஞ்சியம்’ என்று எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர் செயலியை க்ளோன் செய்தார், அதாவது தன் கணினிக்கு நகலெடுத்தார். நூலகக் கோப்புறை காலி. “உள்ளே இருக்குன்னுதானே அண்ணா எழுதியிருக்கீங்க?” என்றார். அவர் கேட்டது நியாயம். தாய்க்களஞ்சியத்தில் (இங்கே செயலி) நூலகத்தின் நிரல் கிடையாது. அதன் முகவரியும், 40 எழுத்து நீளமுள்ள ஒரு கமிட்டின் (பதிந்துவைத்த ஒரு நிலையின்) அடையாளமும்தான் இருக்கும். சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை இனிட் (init) என்ற தேர்வோடு கொடுத்த பிறகுதான் நிரல் வந்து இறங்கும். நூலகத்தில் நேற்று யாராவது திருத்தியிருந்தாலும், நாம் அவிழ்த்து வேறு கமிட்டில் கட்டும்வரை பழையதிலேயே நிற்கும், முளையில் கட்டிய மாடு மாதிரி.

அதனால் ‘பிணைகளஞ்சியம்’ என்று முன்மொழிகிறேன். நடுவில் க் வராது. ஊறுகாய், சுடுகாடு போல இதுவும் வினைத்தொகை: பிணைத்த, பிணைக்கின்ற, பிணைக்கும் களஞ்சியம். க் போட்டால் ஜாமீன் ஞாபகம் வந்துவிடும். கூடவே ஒரு வினையும் கிடைக்கிறது. “நூலகத்தைப் புதுக் கமிட்டில் பிணைத்தேன்” என்று கமிட் செய்தியிலேயே எழுதலாம். ‘இணைகளஞ்சியம்’ சொன்ன நண்பருக்கு: இருவேறு மாற்றங்களை ஒன்றாக்கும் மெர்ஜுக்கு ஏற்கெனவே இணை என்று எழுதுகிறோமே, இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழம்பும்.

அப்புறம் ஒன்று. பிணைகளஞ்சியத்துக்குள் இன்னொரு பிணைகளஞ்சியம் இருக்கும்போது அடுத்தடுத்து உள்ளே போய் எல்லாவற்றையும் எடுக்க ரிகர்சிவ் என்று கொடுக்கிறோமே, அதற்கு எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.