ஏற்காட்டுப் பனியில் டிரம் ஸ்மோக்கர் சூடு நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

கொண்டையூசி20 (கேள்வி):

வணக்கங்க. 200 லிட்டர் இரும்பு டிரம்மில் அடித்த ஸ்மோக்கர், அதாவது கறியைக் கரித் தணலிலும் புகையிலும் மெதுவாக வேகவைக்கிற அடுப்பு. சேலத்தில் 3 கிலோ கரி போட்டால் 115 டிகிரியில் ஆறு மணி நேரம் அசையாமல் நிற்கும். அதையே ஏற்காட்டில், நாகலூர் பக்கம் மேட்டில் வைத்தால் மார்கழி ராத்திரியில் 90-ஐத் தாண்டவே மாட்டேங்குது. கரியை அள்ளிப் போட்டால் கால் மணி நேரம் 140 வரை எகிறுது, அப்புறம் மளமளன்னு இறங்கிடுது. வெள்ளைப் புகை வேற, கறி கசக்குது.

கீழே முக்கால் இன்ச் காற்றுத் துளை மூணு, அதில் ஒன்றுக்கு பால் வால்வு (திருப்பிக் காற்றைக் கூட்டிக் குறைக்கிற குழாய்), மற்றதுக்கு மூடி. மேலே இரண்டு இன்ச் புகைத் துளை. உள்ளே தண்ணீர்த் தட்டு உண்டு. சீமைக் கருவேலக் கரி. வெளியே 12, 13 டிகிரிதான் இருக்கும். டிரம்மைச் சுற்றிச் சாக்கு கட்டலாமா? இல்ல கார் ஷெட்டுக்குள்ளே தள்ளிடலாமா?

பட்டறைவாசி:

முதல்ல ஷெட். வேண்டவே வேண்டாங்க. கரி புகையே இல்லாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூணு பக்கம் தகரம் அடைத்த இடத்தில் அது தேங்கி ஆளைச் சாய்த்துவிடும். தூறலுக்குக் கூரை வேண்டுமென்றால் நாலு கால் நட்டு எட்டடி உயரத்தில் ஒரு தகரம், நாலு பக்கமும் திறப்பு. தார்ப்பாயும் சாக்கும் டிரம்முக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. காய்ந்த சாக்கு பற்றிக்கொள்ளும், பனியில் நனைந்த சாக்கு டிரம்மைக் குளிர வைக்கும்.

அடுத்து, குளிர்மேல் மட்டும் பழி போடாதீங்க. சேலத்தில் வெளியே 30, உள்ளே 115, வித்தியாசம் 85. ஏற்காட்டில் வெளியே 13, வித்தியாசம் 102. தகரம் வழியாகப் போகிற சூடு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுது. 3 கிலோவுக்குப் பதில் 3.6 கிலோ கரி போட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும். 115 இருந்த இடத்தில் 90 நிற்குதென்றால் மற்றதையெல்லாம் தின்பது வாடைக்காற்றும் ஈரமும்.

காற்றுக்கு: வடக்கிலும் கிழக்கிலும் ஹாலோ பிளாக்கைச் சாந்து இல்லாமல் எல் வடிவில் அடுக்குங்க. டிரம்மின் முக்கால் உயரம் போதும், டிரம்முக்கும் சுவருக்கும் ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் காற்று சுழன்று கீழ்த் துளைக்குள் பாயும். ஈரத் தரையிலும் வைக்காதீங்க, மூணு செங்கல் மேல் தூக்கி வைங்க.

காற்று அடிக்கிற பக்கத் துளையை மூடிவிட்டு மறுபக்கத் துளைகளைத் திறங்க. நேராகக் காற்று புகுந்தால் தணல் ஊதுலைபோல எகிறும், காற்று நின்றதும் விழும். உங்க 140-க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மேல் துளையை எப்பவும் முழுசாகத் திறந்தே வைங்க. அதில் ஒரு அடி நீளத்துக்கு இரண்டு இன்ச் இரும்புக் குழாய் பொருத்தினால் இழுவை நன்றாகக் கூடும்.

இன்னொன்று, ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் சேலத்தில் பழகிய வால்வு அளவு அங்கே செல்லாது. காற்று அடிக்காதபோது மூணையும் திறந்து ஏற்றி, 100 வந்ததும் ஒன்றை மூடுங்க. 115 வந்த பிறகு மூடினால் 130-க்குப் போய்த்தான் நிற்கும்.

கரிமூட்டை:

கரியை யாரும் கேட்கவில்லையே! பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

கரி பஞ்சுபோல ஈரம் குடிக்கும். மலையில் இரண்டு நாள் சாக்கில் கிடந்தாலே போதும். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த கரி ஓடு தட்டின மாதிரி ‘கிணிங்’ என்று கேட்கும், ஈரக்கரி ‘தொப்’ என்று மண்கட்டிச் சத்தம் போடும். உடைத்தால் உள்ளே மினுமினுப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும். அப்படிப்பட்ட கரியைத் தணல்மேல் கொட்டினால், மூடி திறந்த நேரத்தில் புகுந்த காற்றுக்கு அடித்தணல் ஒரு முறை எகிறும். பிறகு மேல்கரியின் ஈரம் ஆவியாகி அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். நீங்கள் சொல்லும் 140-உம் சரிவும் வெள்ளைப் புகையும் கசப்பும் எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து வருபவை.

சேலத்து வெயிலில் ஒரு நாள் முழுக்கப் பரப்பிக் காயவைத்து, இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து மலையேற்றுங்கள். நடுவில் அள்ளிப் போடும் பழக்கத்தையே விட்டுவிடலாம். முதலிலேயே டிரம்முக்குள் வைக்கும் கரிக் கூடையில் 4 கிலோ பற்றாத கரியை நிரப்பி, நடுவில் கையளவு குழி விட்டு, அதில் முக்கால் கிலோ கனன்ற கரியைக் கொட்டுங்கள். நெருப்பு நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லப் பரவும். ஏழெட்டு மணி நேரம் கூடையைத் தொட வேண்டியிராது.

கனல வைக்க: 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்பக்கத்தை வெட்டியெடுத்து, அடியிலும் அடியோரத்திலும் விரல் நுழையும் அளவு ஓட்டைகள் போட்டு, கீழே தேங்காய் நாரும் உடைத்த கொட்டாங்குச்சியும், மேலே கரியும். இருபது நிமிடத்தில் மேல்கரியின் விளிம்பு சாம்பல் பூக்கும், அப்போது கொட்டலாம். மண்ணெண்ணெய் கூடாது, அந்த வாடை கறியை விட்டுப் போகாது. கொட்டாங்குச்சிக் கரி அதிகச் சூடு தரும், ஆனால் சின்னச் சில்லாக இருந்தால் கூடையை அடைத்துக் காற்றை நிறுத்தும். நாலில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். புகைக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை, கைமுட்டி அளவில் மூன்று போதும். ஊறவைக்காதீர்கள்.

கூடைக்கு ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். தணல் சூட்டில் துத்தநாகப் புகை வரும்.

கொண்டையூசி20:

ரொம்ப நன்றிங்க. கரி ‘தொப்’புன்னுதான் கேட்குது. தண்ணீர்த் தட்டை எடுத்துடலாமா? அப்புறம் தெர்மாமீட்டர் மேலும் சந்தேகம். கொதிக்கிற தண்ணியில் விட்டால் 95 காட்டுது, 5 டிகிரி குறைவாகக் காட்டுதோ?

அடுப்படி:

தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருக்கு தம்பி, மாத்திடாதீங்க. ஏற்காட்டு உயரத்தில் தண்ணி 95-லேயே கொதிக்கும். ஆனா அதை மூடியில் செருகியிருந்தா மூடிச் சூட்டைத்தான் காட்டும். கம்பித்தட்டு மட்டத்தில், பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, முனை கறிக்கு இரண்டு இன்ச் தள்ளி நிக்கிற மாதிரி செருகுங்க.

இதனால் கறிக் கணக்கும் கொஞ்சம் மாறும். ஆட்டுத் தொடை, கைப்பகுதி எல்லாம் உள்ளே 95 வரட்டும்னு காத்திருந்தா வராது, ஈரம் இருக்கிறவரை கொதிநிலையைத் தாண்டாது. 90, 92 வந்து, குத்திப் பார்க்கிற கம்பி தடையில்லாமல் இறங்கினா எடுத்துடலாம். கறிக்குள்ளே 65, 70-ல் தெர்மாமீட்டர் முள் மணிக்கணக்கில் அசையாம நிக்கும். அது நெருப்புக் கோளாறு இல்லை, கறி வேர்த்துக் குளிருது. நிறம் பிடிச்சிருந்தா வாட்டின வாழையிலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாள் இறுக்கிட்டா நகர ஆரம்பிக்கும். கோழிக்கு இதெல்லாம் வேண்டாம். 140-ல் வைச்சு, தொடை மூட்டுக்கிட்டே 74 தாண்டினா போதும். 110-ல் வைச்சா தோல் ரப்பராகிடும்.

தண்ணீர்த் தட்டை எடுத்துடுங்க. ஒரு லிட்டர் ஆவியாக, சூடு ஒரு துளி வீணாகாட்டியும் 90 கிராம் கரி வேணும், நிஜத்தில் அதைப்போல பல மடங்கு. நெருப்பு நேராக் கறியில் படாம இருக்கத்தான் தட்டுன்னா, அதில் காய்ந்த மணலை நிரப்பி அலுமினியத் தாள் மூடி வைங்க. ஆத்துக் கூழாங்கல் போடாதீங்க, உள்ளே ஈரமிருந்தா வெடிக்கும்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறதையும் குறைங்க. மேலே தேங்கின சூடு அத்தனையும் ஒரே மூச்சில் போயிடும், திரும்ப ஏற அங்கே பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

பட்டறைவாசி:

விட்டுப்போன ஒன்று. இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் டிரம்முக்குக் கம்பளி போடலாம். ஆட்டுக் கம்பளி இல்லை, சூடு தாங்கும் பீங்கான் நார்ப் போர்வை: ஒரு இன்ச் செராமிக் ஃபைபர், இரண்டடி அகலத்தில் வரும். டிரம் சுற்றளவு சுமார் ஆறடி, உயரம் மூணடிக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டடி நீளம் வாங்கி இரண்டு சுற்றாக மேலும் கீழுமாகக் கட்டி, வெளியே மெல்லிய அலுமினியத் தகடு போர்த்திக் கம்பி இறுக்குங்க. வெட்டும்போது முகமூடி, கையுறை கட்டாயம். அந்த நார் மூச்சில் போகக்கூடாது, டிரம்முக்கு உள்பக்கமும் வரக்கூடாது. காற்றுத் துளைகளை மறைக்காதீங்க. போர்த்திய பிறகு பழைய வால்வு அளவில் விட்டால் சூடு 150-க்கு ஓடும், ஒரு துளையில் ஆரம்பிங்க.

மூடி விளிம்பில் புகை கசிந்தால் கண்ணாடி நார்க் கயிறு, பத்து மில்லிமீட்டர், சூடு தாங்கும் பசையில் ஒட்டுங்க.

முடிந்ததும் மேல், கீழ்த் துளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நெருப்பு மூச்சடைத்து அணையும், மிச்சக் கரி வீணாகாது. சாம்பலை மட்டும் அன்றைக்கே தட்டாதீங்க, அடியில் கங்கு கிடக்கும். மறுநாள் முழுசாக ஆறிய பிறகு இரும்பு வாளியில் கொட்டுங்க. மலைப் பனியில் ஈரச் சாம்பல் ஒரு வாரம் கிடந்தாலே டிரம் அடி துரு பிடிக்கும்.