துணைச் செல்லை வேகமாக எழுப்புவதா, தூங்கவே விடாமல் வைப்பதா?

மாசிவீதி:
5ஜியில் கேரியர் அக்ரிகேஷன் (பல அலைவரிசைகளைச் சேர்த்து வேகத்தைக் கூட்டும் முறை) இருந்தும் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்த வேகம் ஏன் தெரிவதில்லை என்று வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார். தனியாகவே பேச வேண்டிய விஷயம்.

ஃபோன் முதன்மைச் செல்லில் இணைந்ததும் நெட்வொர்க் ஒரு துணைச் செல்லையும், அதாவது கூடுதல் அலைவரிசை ஒன்றையும், ஒதுக்குகிறது. அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். டேட்டா குவிந்தால் டவர் ‘எழுப்பு’ என்று ஒரு மேக் கட்டளை (டேட்டாவோடு சேர்ந்து வரும் சிறு உத்தரவு) அனுப்பும். அதற்குப் பிறகும் ஃபோனுக்கு வேலை இருக்கிறது: கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) சரிசெய்ய வேண்டும், நேரத்தையும் அதிர்வெண்ணையும் பிடிக்க வேண்டும், சிக்னல் தரத்தை அளந்து சொல்ல வேண்டும். எல்டிஇயில், அதாவது 4ஜியில், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு இதற்கு வைத்த கெடு, ஃபோன் முன்பே அளந்து வைத்த செல் என்றால் 24 மில்லிவினாடி, இல்லையென்றால் 34.

5ஜியில்தான் சிக்கல். எல்டிஇ டவர், ஃபோன் அளந்து பார்ப்பதற்கான ரெஃபரன்ஸ் சிக்னலை ஓயாமல் அனுப்பும். 5ஜி ஃபோன், டவர் இடைவெளி விட்டு அனுப்பும் எஸ்எஸ்பி என்ற அடையாள சிக்னல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் இடைவெளியை 5 முதல் 160 மில்லிவினாடி வரை வைக்கலாம், பொதுவாக 20. கெயினுக்கு ஒன்று, ட்ராக்கிங்குக்கு ஒன்று தேவைப்பட்டால் காத்திருப்பும் இரட்டிப்பு.

3ஜிபிபி தரநிலையின் 17ஆவது பதிப்பான ரிலீஸ் 17 இதற்கு வழி சொல்லிவிட்டது. எழுப்பும் கட்டளையோடேயே ஒரு தற்காலிக ரெஃபரன்ஸ் சிக்னலையும் வரவழைத்துவிடலாம். 2 எம்பி பக்கம், செல் ஒன்றுக்கு 100 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். முதன்மைச் செல் மட்டும் என்றால் 160 மில்லிவினாடி. துணைச் செல் 100ஆவது மில்லிவினாடியில் எழுந்தால் மொத்தம் 130. 40இல் எழுந்தால் 100. 10இல் எழுந்தால் 85. நம் டெலிகாம் நிறுவனங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வைகைத்தென்கரை:
அண்ணே, கணக்கு சரி. ஆனால் சர்வர் எடுத்த எடுப்பில் 200 எம்பிபிஎஸ் அனுப்பும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இணையத்தில் டேட்டா அனுப்பும் விதிமுறையான டிசிபி முதல் சுற்றில் 10 பாக்கெட்தான் விடும், சுமார் 15 கேபி. அடுத்து 30, அப்புறம் 60. இப்படி இரட்டித்து 2 எம்பி வந்து சேர ஏழெட்டுச் சுற்று ஆகும். போய்வர 40 மில்லிவினாடி என்றால் 280ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் முதன்மைச் செல்லே நிரம்பியிருக்காது. துணைச் செல் 10இல் எழுந்தால் என்ன, 40இல் எழுந்தால் என்ன? டேட்டா நின்றபின் துணைச் செல்லைத் தூங்க வைக்கும் டைமரை நீட்டி வையுங்கள், 1280 மில்லிவினாடி வரை இடமிருக்கிறது. எழுந்த செல் விழித்தே இருக்கும். புது ஃபோனும் வேண்டாம், டவரில் புது சாஃப்ட்வேரும் வேண்டாம்.

மாசிவீதி:
தம்பி, புதிதாகத் திறக்கும் பக்கத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். வீடியோவைப் பாருங்கள். ஒரு துண்டு வரும், சில நொடி ஓய்வு, மறுபடி ஒரு துண்டு. அந்த ஓய்வில் உங்கள் 1280உம் முடிந்து செல் தூங்கிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் திரும்ப எழுப்ப வேண்டும். டைமர் முடியும் வரை செல் விழித்திருந்ததற்கு பேட்டரியும் போயிருக்கும். 30 கிலோஹெர்ட்ஸ் அமைப்பில் ஸ்லாட் என்ற நேரத்துண்டு அரை மில்லிவினாடி. ஸ்லாட்டுக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு 2000 முறை கன்ட்ரோல் சேனலை (டவரின் உத்தரவுகள் வரும் வழியை) பார்க்கிறது ஃபோன், ஒன்றுமே வராதபோதும். சீக்கிரம் எழுப்ப முடிந்தால்தான் தைரியமாகச் சீக்கிரம் தூங்க வைக்கலாம். எனக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

யானைமலை:
இரண்டு பேருமே ரிலீஸ் 16ஐ விட்டுவிட்டீர்கள். அதிலேயே டார்மன்சி என்ற அரைத்தூக்க நிலை இருக்கிறது. துணைச் செல்லின் கன்ட்ரோல் சேனலை ஃபோன் பார்க்காது, தரத்தை மட்டும் அளந்து சொல்லிக்கொண்டிருக்கும். எழுப்ப மேக் கட்டளைகூட வேண்டாம், முதன்மைச் செல்லின் கன்ட்ரோல் சேனலில் வரும் டிசிஐ என்ற குறுந்தகவல் போதும். இன்னொன்று, தற்காலிக சிக்னல் உதவுவது முன்பே அளந்து வைத்த செல்லுக்குத்தான். மாசி வீதிக் கடைகளுக்கு உள்ளே 3300 மெகாஹெர்ட்ஸ் 5ஜி சிக்னல் தடுமாறும். சமீபத்தில் அளக்காத செல் என்றால் எஸ்எஸ்பியைத் தேடித்தான் ஆக வேண்டும்.

தல்லாகுளம்:
அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஏ.வி. பாலத்துக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகாது. எல்லா கேரியரும் நிரம்பிக் கிடக்கும்போது எதை எழுப்பி என்ன பயன்? கூடுதல் டவருக்குச் செலவழியுங்கள், அதற்குப் பிறகு மில்லிவினாடியைப் பேசலாம்.

மாசிவீதி:
கூட்டத்துக்குக் கூடுதல் டவர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தை வைத்தே மற்ற இரண்டு யோசனைகளையும் பாருங்கள். துணைச் செல்லின் தர அறிக்கை பொதுவாக எந்த வழியாகப் போகிறது? முதன்மைச் செல்லின் அப்லிங்க் (ஃபோனிலிருந்து டவருக்குப் போகும் பாதை) வழியாக. டைமரை நீட்டி விழிக்க வைத்தாலும் சரி, டார்மன்சியில் அளக்க வைத்தாலும் சரி, ஆற்றங்கரையில் நிற்கும் அத்தனை ஃபோனும் அந்த அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருக்கும். படம் போகாமல் முட்டிக்கொண்டு நிற்பதும் அதே அப்லிங்கில்தான். முழுதாகத் தூங்கும் செல்லுக்கு அறிக்கையே கிடையாது. தேவைப்படும்போது சட்டென்று எழுப்பும் முறை அங்கேதான் அதிகம் வேண்டும்.

வைகைத்தென்கரை:
திருவிழா நாளுக்கு இது சரியான வாதம். மற்ற நாட்களுக்கு டைமரை 1280 வரை நீட்டாவிட்டாலும் 200, எஸ்எஸ்பி 20 போதும் என்பதே என் கருத்து. எஸ்எஸ்பியை 160க்குத் தள்ளி டவரில் மின்சாரம் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்குத்தான் ரிலீஸ் 17 அவசியம்.

மாசிவீதி:
போக்கே அந்தப் பக்கம்தான், தம்பி. ரிலீஸ் 19இல் துணைச் செல்லின் எஸ்எஸ்பியையே தேவைப்படும்போது மட்டும் அனுப்பும் ஏற்பாடு வந்துவிட்டது. உங்கள் 20 எத்தனை நாளைக்கு 20ஆகவே இருக்கும்?

வைகைத்தென்கரை:
இருக்கும்வரை அதை வைத்து ஓட்டலாம், அண்ணே. ரிலீஸ் 15 ஃபோனோடு இருப்பவருக்குத் தற்காலிக சிக்னல் கிடையாது. எஸ்எஸ்பியை அரிதாக அனுப்பினால் முதலில் அடி வாங்குவது அவர்தான். மேலூர்ப் பக்கம் ஒரு டவரில் அமைப்பை மாற்றுவதற்கு முன், அந்த டவரில் எந்த ரிலீஸ் ஃபோன்கள் எத்தனை என்று பார்த்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு நெட்வொர்க்கிடம் இருக்கிறது; ஃபோன் இணையும்போது நெட்வொர்க் அதன் திறன்களைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.